சி.எல்.ஏ. மாத்திரை: நாலு மாத இஞ்ச் டேப் கணக்கு

ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். போன வருடம் எடை 86 கிலோவைத் தாண்டி, தொப்புளுக்கு நேரே சுற்றளவு 101 செ.மீ. ஆனதும் ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே ட்ரெய்னர் தம்பி ஒரு சி.எல்.ஏ. (கான்ஜுகேட்டட் லினோலெயிக் ஆசிட் என்ற கொழுப்பு அமிலம்) டப்பாவைக் கையில் கொடுத்து, "அண்ணா, இது கொழுப்பை மட்டும் கரைக்கும், தசையைத் தொடாது" என்றார். 90 மாத்திரை, 1,400 ரூபாய்.

தேன் நிறத்தில் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எண்ணெய் அசைவது தெரியும். சாப்பாட்டோடு போட்டால் பரவாயில்லை. வெறும் வயிற்றில் போட்ட அன்று மதியம் வரை எண்ணெய் ஏப்பம், போதாததற்கு வயிறும் இளகிப் போனது.

டப்பாவின் முன்னால் 1,000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருந்தது. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் அதில் 80 சதவீதம்தான் சி.எல்.ஏ. ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அந்த அளவு வர தினம் நாலு மாத்திரை வேண்டும். அப்படிப் போட்டால் ஒரு டப்பா 22 நாளில் தீர்ந்துவிடும்.

என் மனைவி தையல் வேலை செய்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் அவருடைய இஞ்ச் டேப்பில் அளந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். 16 வாரம், ஐந்து டப்பா, 7,000 ரூபாய். எடை 86.2-லிருந்து 84.9. இடுப்பு 101-லிருந்து 99.5. இந்த நாலு மாதமும் நான் வாரத்தில் ஐந்து நாள் நடந்தேன், சாயங்கால வடையையும் விட்டிருந்தேன். மாத்திரையின் பங்கு இதில் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1997-இல் எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது உடல் கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. விளம்பரத்துக்கெல்லாம் மூலம் அதுதான். மனிதர்களிடம் நடந்த 18 ஆய்வுகளை 2007-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தினம் 3.2 கிராமுக்கு வாரம் சுமார் 90 கிராம் கொழுப்புதான் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதுவும் ஆறு மாதம் போனால் வேகம் தணிகிறது. எலிக்கு நடந்ததை நமக்கு நடப்பதுபோல் சொல்லி விற்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பாலிலும் நெய்யிலும் இருப்பதுதானே என்று சிலர் சொல்வார்கள். பசுவின் இரைப்பையில் பாக்டீரியாவால் உண்டாகும் சி.எல்.ஏ.வில் பெரும்பகுதி ஒரே வகை. மாத்திரையோ பெரும்பாலும் குசும்பா எண்ணெயிலிருந்து செய்வது; அதில் இரண்டு வகை ஏறக்குறைய பாதிப் பாதி. எலியில் கொழுப்பைக் குறைத்தது, பாலில் அதிகம் இல்லாத அந்த இரண்டாவது வகை. ஸ்வீடனில் தொப்பை உள்ள 60 ஆண்களை வைத்து 12 வாரம் பார்த்ததில், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகக் காரணமாக இருந்ததும் அதே வகைதான்.

என் அப்பாவுக்கு சுகர் உண்டு. நாலாவது மாதக் கடைசியில் பார்த்தபோது என் ஃபாஸ்டிங் சுகர் 98-லிருந்து 109 ஆகியிருந்தது. டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "முதலில் இதை நிறுத்துங்க" என்றார். நிறுத்தி இரண்டு மாதம் கழித்து 101. மாத்திரைதான் காரணம் என்று என் ஒருவன் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால், தொடங்கும் முன் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை.

•

அண்ணா, நான் தூத்துக்குடி. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எடை குறையும் என்று ஒரு தோழி சொல்லி ஏழு மாதம் மீன் எண்ணெய் மாத்திரை போட்டேன். எடை 74-லேயே நின்றது. அதிலும் 1,000 மி.கி. என்று எழுதியிருந்தாலும் ஒமேகா-3 300 மி.கி.தான் இருந்தது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ரொம்ப ஏறினால் டாக்டர் அதிக அளவில் எழுதிக் கொடுப்பார்கள், இளைக்க அது மருந்து இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் சாளை வாங்கிக் குழம்பு வைக்கிறேன். ஒன்று கேட்கணும், என் தம்பி 22 வயது, ஜிம்மில் சி.எல்.ஏ. வாங்கச் சொல்கிறார்களாம். எங்கள் அம்மாவுக்கு சுகர் இருக்கிறது. வாங்கலாமா?

•

வேண்டாம்மா. அந்தப் பணத்துக்கு ஒரு மாதம் தினம் மூணு முட்டை சாப்பிடச் சொல்லு. ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் டப்பாவைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லு, பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.