புயல் வருகிறது, மீன் தொட்டிக்கு என்ன வழி?

நண்பர்களே, வேளச்சேரியில் இருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. எப்படியும் மின்சாரம் போகும். 2016 டிசம்பர் வர்தா புயலில் மூன்று நாள் இருட்டில் கிடந்தோம். இரண்டாம் நாள் காலையில் தங்கமீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன. சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஆறில் நான்கு போய்விட்டன.

இப்போது மூன்றடித் தொட்டி, ஐந்து தங்கமீன்கள். கொளத்தூர் வண்ணமீன் கடையில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை இடைவெளி விட்டு விட்டு ஓட்டினால் போதுமா, இரவு முழுக்க ஓட வேண்டுமா? இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அம்மாவின் மின்விசிறிக்குத்தான் முதல் உரிமை. நியாயம்தான்.

தீனியை இன்றே நிறுத்திவிட்டேன். கழிவும் அம்மோனியாவும் குறையுமே. எனக்குப் பிடிபடாதது வடிகட்டிதான். மூடிய கேனிஸ்டர் வகை, அதாவது தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய டப்பா வழியாகத் தண்ணீர் ஓடிச் சுத்தமாகும். நீரோட்டம் நின்றால் உள்ளே பஞ்சில் இருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் செத்துவிடுமாம். பஞ்சைக் கழற்றித் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடலாமா? மின்சாரம் வந்ததும், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கழுவிய பிறகுதான் ஓட்ட வேண்டுமா?

பட்டு அறிந்தவர்கள் மாலைக்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கடைகளும் திறந்திருக்காது.