20 விநாடி முடிவதே இல்லை: உதவி தேவை

அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக எனக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி நோய். கை அசுத்தம் என்று தோன்றினாலும் உடனே கழுவாமல், பதற்றம் தானாகத் தணியும்வரை பொறுத்திருக்கும் பயிற்சியில் ஓரளவு தேறியிருந்தேன். அதற்குள் கொரோனா வந்து, 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவு என்று ஊரே என் நோயின் பக்கம் சாய்ந்துவிட்டது. எண்ணும்போது அம்மா கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். நேற்று ஒரு கிலோ தக்காளியை நான்கு முறை கழுவினேன். தக்காளி அப்படியே இருந்தது, என் விரலிடுக்கில்தான் தோல் வெடித்துவிட்டது. இரவு ரசம் சோறு பிசையும்போது கண்ணில் நீர் வந்தது. ரசத்தில் காரம் அதிகம் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

சேலத்து மருத்துவரிடம் போகலாம் என்றால், இந்த 2021 மே மாத ஊரடங்கில் பஸ் இல்லை. இந்த நோய்க்கு நான் சாப்பிடும் செர்ட்ராலின் மாத்திரை எட்டு நாளுக்குத்தான் இருக்கிறது. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ, கழுவாமல் பொறுத்திருக்கும் அந்தப் பயிற்சியைத் தொலைபேசியில் தமிழிலேயே தரும் மனநல மருத்துவரோ உளவியலாளரோ உங்களுக்குத் தெரியுமா? இதே நோயுள்ளவர்கள், எதுவரை எச்சரிக்கை, எதற்குமேல் நோய் என்ற கோட்டை எங்கே போடுகிறீர்கள்? "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அதைப் பெரியப்பா தினமும் சொல்லிவிடுகிறார்.