ஏரோதின் வாள், பெத்லகேம் பிள்ளைகள்: திரைச்சீலையில் எதை வரைவது?

ஓவிய ஆசிரியர், நாகப்பட்டினம்:
வணக்கம். டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாளுக்குப் பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட ஒரு படம் கேட்டிருக்கிறார் எங்கள் ஃபாதர். ஐந்தடிக்கு ஏழடி காடாத் துணி, அக்ரிலிக். குழந்தை இயேசுவை ஒழிக்க, பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளை ஏரோது மன்னன் கொல்லச் சொன்ன காட்சி. வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. 26-ஆம் தேதி இதே கோயிலில் சுனாமி நினைவுத் திருப்பலி. 2004-ல் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். இரண்டே நாளில் அவர்கள் முன்னால் வாளும் ரத்தமுமாக ஒரு படத்தை விரிக்க மனம் வரவில்லை. பெரிய ஓவியர்கள் இதை எப்படி வரைந்தார்கள்? பிள்ளைகளையே காட்டாமல் விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், கும்பகோணம்:
தம்பி, பிள்ளைகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அப்படி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு படமே சாட்சி இருக்கிறது.

1565-67 வாக்கில் நெதர்லாந்து ஓவியர் பீட்டர் புரூகல் இந்தக் காட்சியைத் தன் நாட்டுப் பனி மூடிய கிராமத்தில் நடப்பதாக வரைந்தார். அது பிற்பாடு பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் போனது. பிள்ளைகளின் மேல் வண்ணம் பூசி, மூட்டைகளாகவும் பறவையாகவும் மாற்றிவிட்டார்கள். கொலை, கொள்ளையாகிவிட்டது. இன்று அந்தப் படம் இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கிறது. பனியில் ஒரு பெண் உட்கார்ந்து அழுகிறாள், அவள் முன்னால் கிடப்பது இறைச்சியும் பாலாடைக்கட்டியும். அவளுடைய துக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. புரூகலின் மகன் வரைந்த பிரதிகளில்தான் அங்கே கிடந்தது அவள் பிள்ளை என்று தெரிகிறது. எனக்கு இதைவிடக் கொடுமையான படம் இல்லை.

ரூபன்ஸ் (1611-12) உங்களுக்கு வேண்டாம். சதையும் சண்டையுமாக முறுக்கிக்கொண்டு கிடக்கும். பூசானும் வேண்டாம், அதில் சிப்பாயின் கால் குழந்தையின் மேலேயே இருக்கிறது. 1305 வாக்கில் பதுவாவில் ஜோத்தோ வரைந்த சுவரோவியத்தைப் பாருங்கள். உடல்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் கண் போய் நிற்பது தாய்மார் கன்னங்களில் வழியும் கண்ணீரில்.

உங்களுக்குப் பொருந்துவது லெயோன் கோனியே 1824-ல் வரைந்த படம். பிரான்சில் ரென் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தாய் வெறுங்காலோடு சுவர் மூலையில் ஒடுங்கியிருக்கிறாள். பிள்ளை அழுது காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அதன் வாயைப் பொத்தியிருக்கிறாள். கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. கொலையெல்லாம் தூரத்தில், பின்னால். பிள்ளை உயிரோடு மடியில் இருக்கிறது, அதுதான் பயமே.

2004 ஜூலை 16-ல் தீயில் 94 பிள்ளைகளை இழந்த ஊர் எங்களுடையது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். வாளை விடுங்கள், பிள்ளையை வையுங்கள்.

தஞ்சாவூர், பட வேலை:
மாஸ்டர் சொல்வது சரி. கம்சன் கொன்ற தேவகியின் ஆறு பிள்ளைகளை வரைந்து தரச் சொல்லி எங்களிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் வெண்ணெய்க் கண்ணன்தான் வேண்டும். உங்கள் ஃபாதர் கேட்டிருக்கிறார், விடாதீர்கள்.

வேலை பற்றி ஒன்று. சுவர் நிழலுக்கு வெறும் கறுப்பு பூசினால் காடாவில் செத்துப்போகும். முதலில் பிரைமர் கொடுத்துவிட்டு, அடர் பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்து போடுங்கள். யார் சொன்னாலும் இந்தப் படத்தில் தங்க ரேக்கு வேண்டாம்.

வேளாங்கண்ணிப் பக்கம்:
தம்பி, நீங்கள் சொல்கிற முன்வரிசையில் உட்காருகிறவள் நான். என் மகளுக்கு அப்போது நாலு வயது. 26-ஆம் தேதி மெழுகுவர்த்தி இருக்கும், பூ இருக்கும், பிள்ளை முகம் எங்கேயும் இருக்காது. படத்தில் பிள்ளைக்கு முகம் வையுங்கள், பின்பக்கமாகத் திருப்பி வரையாதீர்கள்.

ஆனால் மாஸ்டர் ஐயா சொன்ன அந்தக் கை வேண்டாம். எங்கள் பிள்ளைகள் மூச்சு முட்டித்தான் போனார்கள். வாயைப் பொத்துகிற கையை என்னால் பார்க்க முடியாது. அந்தக் கையைப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.

மாஸ்டர், கும்பகோணம்:
அம்மா சொல்வதே சரி. கோனியேயை அப்படியே எடுக்க வேண்டாம்.

ஓவிய ஆசிரியர், நாகப்பட்டினம்:
நன்றி அம்மா. கை தலைக்குப் போகிறது. சிப்பாய்களைச் சுவர் விளிம்புக்கு அப்பால் நிழலாக மட்டும் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை பென்சில் வரைவைப் போடுகிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதன் பிறகே துணியில் இறங்குவேன்.