ட்யூன் முன்கதை நாவல்கள்: படிக்கலாமா, விட்டுவிடலாமா?

மணற்புழு:
ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ஆறு ட்யூன் அறிவியல் புனைகதை நாவல்களையும் முடித்துவிட்டு அடுத்தது எது என்று கேட்பவர்களிடம், அவர் மகன் பிரையனும் கெவின் ஜே. ஆண்டர்சனும் எழுதிய முன்கதைகளைத் தயவுசெய்து நீட்டாதீர்கள். 1965இல் வந்த முதல் நாவலில், மோஹியம் கிழவி கதாநாயகன் பால் அட்ரைடீஸைச் சோதிக்கும் இடம் நினைவிருக்கிறதா? மனிதர்கள் யோசிக்கும் வேலையை இயந்திரங்களிடம் விட்டார்கள், கடைசியில் இயந்திரம் வைத்திருந்த மற்ற மனிதர்களுக்கு அடிமையானார்கள் என்பாள். சிந்திக்கும் இயந்திரங்களுக்கு எதிரான அந்தப் பழைய போரை, பட்லேரிய ஜிகாத்தை, அப்பா அப்படிப் போகிறபோக்கில்தான் தொட்டார். மகன் 2002இல் அதையே முழு நாவலாக்கினார். ஓம்னியஸ் என்ற கணினி, எராஸ்மஸ் என்ற கொடூர ரோபோ. மனிதனை மனிதன் அடக்கிய கதை ரோபோ சண்டையாகிவிட்டது.

கடைசிபெஞ்ச்:
முழுசாகப் படித்தீர்களா, பாதியில் வைத்துவிட்டீர்களா? அந்த 2002 நாவலில் டைட்டன்கள் என்ற மனிதக் கூட்டம்தான் முதலில் இயந்திரங்களை வைத்துப் பேரரசைப் பிடிக்கிறது. அவர்களில் ஒருவன் சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் கணினியிடம் ஒப்படைக்கவே ஓம்னியஸ் கை ஓங்குகிறது. மோஹியம் சொன்னது அப்படியே இருக்கிறதே! அப்புறம் முதல் நாவலின் கடைசியில் உள்ள சொல்லகராதியைப் புரட்டுங்கள். ஜிகாத் எதற்கு எதிராக நடந்தது என்ற இடத்தில் உணர்வுள்ள ரோபோக்களும் உண்டு. அதை எழுதியது அப்பா.

மணற்புழு:
சொல்லகராதியில் ஒரு சொல் இருந்தால் மூன்று தடி நாவலா? சரி, இதற்கு என்ன சொல்வீர்கள்: பால் காலடன் கிரகத்தில் பிறந்தவன் என்று முதல் நாவலின் முதல் பத்தியிலேயே பேரரசரின் மகள் இருலன் எழுதுகிறாள். மகனின் முன்கதையான 'ஹவுஸ் கொரினோ'வில் அவன் பேரரசரின் தலைநகரான கைட்டெயினில் பிறக்கிறான்! முதல் பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லையா? 1999 முதல் 2004 வரை வருடத்துக்கு ஒன்று என்று அடித்துத் தள்ளினால் இப்படித்தான்.

ஓரக்கண்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மகன் எழுதியதுதான் கோளாறு என்கிறீர்கள். ஐசக் அசிமோவ் தன் ஃபவுண்டேஷன் அறிவியல் புனைகதைத் தொடருக்குத் தானே 1988இல் முன்கதை எழுதினார். மூலத்தில் எதிர்காலத்தைக் கணிக்கும் மேதை ஹாரி செல்டன் செத்த பிறகும் பதிவு உருவமாக வந்து பேசுவார். அந்தக் கம்பீரமே தனி. முன்கதையில் அதே ஆள் தலைநகர்க் கிரகமான டிரான்டர் முழுக்க உயிருக்குப் பயந்து ஓடுகிறார். ஆசிரியரே எழுதினாலும் புதிர் கரைந்துவிடுகிறது.

கடைசிபெஞ்ச்:
எனக்கு அந்த ஓடுகிற செல்டனைத்தான் பிடிக்கும், அது வேறு விஷயம். மணற்புழு சார், பிறந்த இடம் உதைக்கிறது, சரி. ஆனால் 'ஹவுஸ் அட்ரைடீஸ்' முன்கதையில், பின்னால் பால் குடும்பத்தின் வாள்வீரனாகும் டங்கன் ஐடஹோவை, சிறுவனாக இருக்கும்போது, அந்தக் குடும்பத்தின் பரம எதிரிகளான ஹார்கோனன்கள் காட்டில் விட்டு வேட்டையாடுவார்களே? ஹார்கோனன் என்றாலே அவனுக்கு ஏன் அவ்வளவு வெறி என்று மூலத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அந்த அத்தியாயம் படித்த பிறகுதான் புரிந்தது.

மணற்புழு:
அது ஒன்று நன்றாகத்தான் இருக்கும். அதற்காக மற்றதையெல்லாம் யார் படிப்பது?