அப்பச்சி கட்டிய வரியை மறுபடி கேட்கிறார்கள்: 2010-11 பாக்கியை நீக்க வழி உண்டா?

பெட்டகச்சாவி | 9 ஜூன் 2025

வணக்கம். பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஏழு மாதமாக ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறோம். வழி தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வயது 73. அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து 2010 மே மாதம் ஓய்வு பெற்றார்கள். ஓய்வூதியமும் டெபாசிட் வட்டியும்தான் வருமானம். ஏழு லட்சத்துக்குள் அடங்கிவிடுவதால் வரி வராது. வருஷம் தவறாமல் ஏப்ரலில் வங்கிக்குப் போய், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15எச் படிவம் கொடுத்துவிடுவார்கள். 2023இல் கண்புரை ஆபரேஷன் நடந்த அலைச்சலில் அது விட்டுப்போய், வங்கி 38,910 ரூபாய் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துவிட்டது. ரிட்டர்ன் போட்டால் வந்துவிடும் என்று 2024 ஜூலையில் போட்டோம்.

நவம்பரில் பணம் வரவில்லை, செய்தி வந்தது. 2010-11 மதிப்பீட்டு ஆண்டில், அதாவது 2009-10 வருமானத்துக்கு, 26,300 ரூபாய் பாக்கியாம். 2012 மார்ச்சில் போட்ட உத்தரவாம், எங்களுக்கு வந்து சேரவே இல்லை. அதற்கு மாதம் 263 வீதம் 150 மாத வட்டி 39,450. ஆக 65,750. அதில் எங்கள் 38,910ஐக் கழித்துக்கொண்டு இன்னும் 26,840 கட்டச் சொல்கிறார்கள். கழிப்பதற்கு முன் அனுப்பிய அறிவிப்பு பழைய ஆடிட்டரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

அந்த வருஷ வரி முழுவதையும் பள்ளியில் சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள். அதற்குப் பள்ளி கொடுத்த சான்று, படிவம் 16, கையில் இருக்கிறது. வட்டார வரி அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் தடவை, "இது கணினி மையம் போட்டது, அங்கே கேளுங்க" என்றார்கள். மையத்துக்குப் போன் போட்டால், "உங்க அதிகாரி ஏத்தின பாக்கி, அவர்தான் திருத்தணும்." இரண்டாம் தடவை போனபோது அந்த அதிகாரி மாறுதலாகிவிட்டார். மூன்றாம் தடவை, "2012 ஃபைலை எங்கே போய்த் தேடுறது? சின்னத் தொகைதானே, கட்டிருங்கம்மா" என்றார்கள்.

கட்ட முடியாமல் இல்லை. எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூனில் பெட்டியடிப் பையனாக, கடை எடுபிடியாக, தொடங்கியவர்கள். ஐந்தொகை காலணா இடிக்காமல் வரும்வரை இலையில் உட்காராத வீடு இது. "என்னைய வரி கட்டாதவன்னு எழுதி வச்சிருக்காகளே" என்று அப்பச்சி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடியே இருக்கிறார்கள். அந்த எழுத்தை அழிக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

தேவகோட்டைக் கணக்கர் | 9 ஜூன்

ஆச்சி, நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

வருமான வரி இணையதளத்தில் அந்தப் பாக்கிக்கு நேராக யாராவது 'டிமாண்ட் இஸ் கரெக்ட்' என்று அமுக்கியிருக்கிறார்களா? அமுக்கினால் திரும்பப் பெற முடியாது. இதுவரை தொடவில்லை என்றால் தொடாதீர்கள். யார் போன் செய்து கட்டச் சொன்னாலும் இப்போதைக்குக் கட்டவும் வேண்டாம்.

2010-11க்கான 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தீர்களா? 2009-10 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது இணையத்திலேயே கிடைக்கும். பள்ளி பிடித்த வரி அப்பச்சியின் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்பதுதான் உயிர்நாடி. படிவம் 16 நீங்கள் காட்டும் காகிதம். 26ஏஎஸ் அவர்களுடைய சொந்தப் பதிவு.

மூன்றாவது, அப்பச்சி இதைப் பற்றி எப்போதாவது எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா? வாயால் சொன்னது கணக்கில் வராது.

பெட்டகச்சாவி | 10 ஜூன்

நன்றி அண்ணே. எதையும் அமுக்கவில்லை. 26ஏஎஸ் இன்று காலைதான் எடுத்தேன். மொத்த வருமானம் 3,30,000, பள்ளி பிடித்தது 20,600. நாலு காலாண்டும் சரியாக ஏறியிருக்கிறது. அப்படியானால் 26,300 எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

எழுத்தில் கொடுத்தது பற்றி அப்பச்சியிடம் கேட்டேன். "அப்பவே குடுத்தாச்சு" என்கிறார்கள். எப்போது, யாரிடம் என்பது ஞாபகம் இல்லை. ஆத்தா (அம்மா) இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள், வீட்டுக் காகிதம் எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது. இரண்டாங்கட்டு அறையில் பழைய பெட்டகம் இருக்கிறது. தேடுகிறேன்.

தேவகோட்டைக் கணக்கர் | 10 ஜூன்

கணக்கு விளங்கிவிட்டது. அந்த வருஷம் 1,60,000 வரை வரி இல்லை, 3 லட்சம் வரை 10 சதம், அதற்கு மேல் 20 சதம். 14,000மும் 6,000மும் 20,000. அதற்கு 3 சதம் செஸ் 600. சரியாக 20,600. பள்ளி ஒரு ரூபாய் கூடக் குறைக்காமல் பிடித்திருக்கிறது.

அவர்கள் ரிட்டர்னைப் பரிசீலித்தபோது டிடிஎஸ் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டதும் கணினி, இவர் முன்கூட்டி வரியே கட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளும். 2010 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரை 24 மாதம், மாதம் ஒரு சதம் 234பி வட்டி 4,944. தவணை தவறியதற்கு 234சி வட்டி 758. கூட்டினால் 26,302, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 26,300. ஒரு கட்டத்தில் விழுந்த பூஜ்யத்துக்குத்தான் இத்தனை குட்டி.

இந்தக் கூட்டலை அப்படியே மனுவில் எழுதுங்கள். 'தவறு நடந்துள்ளது' என்று மட்டும் எழுதினால் எந்தத் தவறு என்று தேட அங்கே ஆள் இல்லை. தவறு எந்தக் கட்டத்தில் என்று நாமே விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

கோட்டையூரான் | 10 ஜூன்

பழைய சின்னப் பாக்கிகளைத் தள்ளுபடி செய்வதாக 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்களே? அது தானாகப் போயிருக்க வேண்டாமா?

தேவகோட்டைக் கணக்கர் | 11 ஜூன்

நல்ல கேள்வி தம்பி. 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரையிலான பாக்கி ஒவ்வொன்றும் 25,000 ரூபாய்க்குள் இருந்தால் நீக்கினார்கள். அடுத்த ஐந்து வருஷங்களுக்கு வரம்பு 10,000. ஆச்சியின் பாக்கி 26,300. வரி 20,600தான், தப்பாகப் போட்ட வட்டி சேர்ந்து வரம்பை 1,300 ரூபாயில் தாண்டவைத்துவிட்டது. எனக்கே வயிறு எரிகிறது. ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. தள்ளுபடி என்றால் பாக்கி இருந்தது, மன்னித்தோம் என்று பொருள். அப்பச்சி கேட்பது அது இல்லையே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வருமான வரிச் சட்டம் 154ஆம் பிரிவில் திருத்தம் கேட்க, உத்தரவு போட்ட நிதியாண்டு முடிந்து நாலு வருஷம்தான் அவகாசம். 2012 மார்ச் உத்தரவுக்கு 2016 மார்ச் 31உடன் போய்விட்டது. அதனால்தான் பழைய காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன்.

பூக்கல்லுப் பட்டறை | 11 ஜூன்

ஆச்சி, நான் ஆத்தங்குடியில் தரைக்குப் போடும் பூக்கல்லு செய்கிறவன். ரெண்டு வருஷம் முன்னால் நான் கட்டிய செலான் வேற வருஷக் கணக்கில் போய் ஒட்டிக்கிச்சு. ஒன்பது தடவை அலைஞ்சேன். ஒன்பதும் வெறுங்கையோட போன பயணம். பத்தாவது தடவை மனுவை ரெண்டு பிரதி எடுத்துப் போய், ஒண்ணில் தேதியோட சீல் வாங்கினேன். அடுத்த மாசம் வேலை நடந்துச்சு. சீல் இல்லாம அந்த வாசலை விட்டு இறங்காதீங்க. "அப்புறம் வாங்க"ன்னு சொன்னா, சீல் குத்துறவர் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருங்க.

பெட்டகச்சாவி | 15 ஜூன்

கிடைத்துவிட்டது! ஆத்தாவின் பழைய பட்டுப்புடவை மஞ்சள்பையில், சொத்துவரி ரசீதுகளுக்கு நடுவில்.

அப்பச்சி தன் கையால் முழுத்தாளில் எழுதிய மனு. 2014இல் பாக்கிப் பட்டியல் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதற்குப் பதிலாக எழுதியது. படிவம் 16 நகல் இணைத்திருக்கிறார்கள். ஓரத்தில் அலுவலகச் சீல், 11 ஆகஸ்ட் 2014. கையெழுத்து யாருடையது என்று புரியவில்லை, தேதி மட்டும் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் அப்பச்சிக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. "சரி பண்ணிருவோம் சார்னு சொன்னாக. நம்பி வந்துட்டேன்" என்றார்கள். பத்து வருஷம் ரீஃபண்டு எதுவும் கேட்காததால் அந்தப் பாக்கி அப்படியே கிடந்தது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

தேவகோட்டைக் கணக்கர் | 15 ஜூன்

ஆச்சி, பாதிக் கிணறு தாண்டியாச்சு. அந்தத் தாளை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நாலு வருஷத்துக்குள் மனு வந்துவிட்டால், அலுவலகம் அதைக் கிடப்பில் போட்ட காரணத்தால் காலாவதி ஆகாது. அவகாசம் முடிந்த பிறகும் அதிகாரி அதன்மேல் உத்தரவு போடலாம் என்று 1972லேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 154(8)இன்படி மனு வந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. ஆகவே புது மனு என்று எழுதாதீர்கள். '11.8.2014 அன்று பெறப்பட்டு நிலுவையில் உள்ள மனுவை முடிக்க வேண்டுதல்' என்று தலைப்பிடுங்கள். அந்த ஒரு வரியில்தான் வழக்கே இருக்கிறது.

இணையதளத்தில் 'டிஸ்அக்ரீ' கொடுத்து, திருத்த மனு நிலுவையில் இருப்பதாகக் காரணம் காட்டி, சீல் வைத்த நகலை ஏற்றுங்கள். பழைய ஆடிட்டரின் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. 2012 உத்தரவு அப்பச்சிக்கு வந்து சேரவே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த உத்தரவின் நகலும் அதை அனுப்பியதற்கான பதிவும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2013 மார்ச்சில் இதே விவகாரத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரு ஆடிட்டர் எழுதிய கடிதத்தையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டார்கள். அனுப்பியதை நிரூபிக்க வேண்டியது துறை, அனுப்பாத உத்தரவை வைத்து வசூலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். தமிழ்நாட்டு அதிகாரியை அது நேராகக் கட்டுப்படுத்தாது. மனுவில் சுட்டிக்காட்டத் தடையில்லை.

பூக்கல்லுத் தம்பி சொன்னதைச் செய்யுங்கள். ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் புகார் போடுங்கள். 'தொடர்புடைய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள். அதற்கும் மேல்முறையீடு உண்டு, விடாதீர்கள்.

பெட்டகச்சாவி | 2 ஆகஸ்ட்

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஜூன் 18 அன்று அப்பச்சியையும் காரில் அழைத்துப் போனேன். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வேட்டியும் துண்டுமாக வந்து, அதிகாரியின் மேசைமேல் 2014 சீலையும் 26ஏஎஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது உங்க சீல்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். இப்போது இருப்பவர் இளைஞர். நிதானமாகப் படித்தார். "ஆமாம் ஐயா" என்றார். இத்தனை மாதத்தில் அந்தக் கட்டடத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது.

பிறகும் ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தகவல் உரிமை பதிலில், 2012 தபால் பதிவேடு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தையும் சேர்த்து சிபிகிராம்ஸில் போட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே மூடினார்கள். மேல்முறையீடு செய்தேன். போன வாரம் 154 உத்தரவு வந்தது. டிடிஎஸ் 20,600 அனுமதிக்கப்பட்டது, பாக்கி இல்லை. ஆனால் இணையதளத்தில் பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது.

தேவகோட்டைக் கணக்கர் | 2 ஆகஸ்ட்

மகிழ்ச்சி ஆச்சி. காகிதத்தில் போட்ட உத்தரவு கணினியில் ஏறாமல் கிடப்பதும் உண்டு. உத்தரவு எண்ணைக் குறிப்பிட்டு அந்த இளைஞருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்பச்சியின் வங்கிக் கணக்கு இணையதளத்தில் வேலிடேட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் ரீஃபண்டு திரும்பிப் போய்விடும். 38,910க்கு, ரீஃபண்டுக்கு அவர்கள் தர வேண்டிய 244ஏ வட்டியும் சேர்த்துக் கேளுங்கள். நம்மிடம் மாதம் ஒரு சதம் வாங்குவார்கள், தருவது அரைச் சதம். இருந்தாலும் அது அப்பச்சிக்குச் சேர வேண்டிய காசு.

பெட்டகச்சாவி | 29 ஆகஸ்ட்

இன்று காலை திறந்தால் 2010-11க்கு நேராகப் பூஜ்யம். பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். அப்பச்சி கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, 2014 மனுவோடு சேர்த்துக் குத்தி, பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள். மஞ்சள்பையிலேயே வைத்துவிட்டேன். அடுத்த ஏப்ரல் 15எச் படிவத்துக்கு இப்போதே நாள்காட்டியில் வட்டம் போட்டாயிற்று.

பணம் இன்னும் வரவில்லை. கணக்கு வேலிடேட் ஆகிவிட்டது, வட்டிக்கும் எழுதிக் கொடுத்து சீல் வாங்கியிருக்கிறேன். வந்ததும் இங்கே சொல்கிறேன் அண்ணே.