பிச்சாவரத்தில் வெளுத்த இலைகள்

மஞ்சக்குப்பத்திலிருந்து பிச்சாவரத்திற்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்க நான் இருமுறை சென்று வந்தேன். முதல் முறை முழுச்சுருளும் வீணாயிற்று. அங்கே போக நினைக்கும் நண்பர்களுக்கு அந்த இழப்பு நேராமல் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கையில் இருந்தது இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 கறுப்பு வெள்ளைப் படச்சுருளும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும் ஹோயா ஆர்72 ஃபில்டரும். இந்தச் சுருள் ஏறக்குறைய 740 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் ஒளியை உணரும். ஃபில்டரோ 720ஐ ஒட்டித்தான் ஒளியை உள்ளே விடத் தொடங்கும். இடையில் எஞ்சும் அந்தக் குறுகிய பட்டையை நம்பியே படம் பதிய வேண்டியிருப்பதால், 200 என்று அச்சிட்டிருக்கும் ஐஎஸ்ஓவை, அதாவது சுருளின் ஒளியுணர்வு எண்ணை, 6 என்று கொண்டு கணக்கிட்டேன். நல்ல வெயிலிலும் லென்ஸ் துளை எஃப்/8இல் ஷட்டர் 1/30 நொடிக்குத்தான் வந்தது.

படகு அசையும் என்பதை நான் உரிய அளவுக்கு எண்ணிப் பார்க்கவில்லை. போதாததற்கு, ஆர்72ஐ மாட்டியதும் வியூஃபைண்டர் இருண்டுவிடும். ஃபில்டர் இல்லாமல் சட்டகத்தை அமைத்து, ஃபோகஸ் செய்து, பிறகு ஃபில்டரைத் திருகி மாட்டுவதற்குள் படகு இரண்டு முழம் நகர்ந்துவிடும். துடுப்பு போட்டவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “கண்ணாடிய இப்படி கருப்பா மூடிட்டா உள்ள என்ன தம்பி தெரியும்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சுருளைக் கழுவிப் பார்த்தபோது வேரும் இலையும் ஒன்றோடொன்று இழைந்து கலங்கியிருந்தன.

இரண்டாம் முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருந்த பிப்ரவரியில் சென்றேன். இம்முறை படகில் ஏறாமல், காட்சிக் கோபுரத்தில் ட்ரைபாடை ஊன்றி, ஒளிமானி காட்டும் அளவை ஃபில்டர் மாட்டும் முன்பே எடுத்துக்கொண்டேன். எஃப்/11இல் 1/15, 1/8, 1/4, 1/2 என நான்கு நெகடிவ்கள் எடுத்ததில் 1/4 நொடிப் படம் மிகச் சரியாக அமைந்தது. காற்று நிற்கும் வரை காத்திருந்ததற்கும் பலன் கிடைத்தது.

அந்தப் படத்தில் சுரபுன்னை இலைகள் வெண்மையாகவும், அவற்றின் கீழே உப்பனாற்று நீர் மை போலவும் இருக்கின்றன. பச்சையம் அகச்சிவப்பு ஒளியை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. இலைக்குள் செல்களுக்கு இடையிலுள்ள காற்றுவெளிகளில் ஒளி சிதறித் திரும்புவதால்தான் இலை வெளுக்கிறது. 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட்டின் பெயரால் இதனை வுட் விளைவு என்கிறார்கள். என்னை நெடுநேரம் பார்க்க வைத்தது வேறொன்று. கீழே படகுத்துறையில் ஒருவர் விரித்திருந்த கறுப்புத் துணிக்குடை, படத்தில் வெளிர்சாம்பலாக இருந்தது. கம்பிகள் துணியைத் தூக்கிப் பிடிக்கும் மடிப்புகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் துணிச்சாயங்கள் பலவும் இந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் என்று படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

ஃபோகஸ் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. இந்தச் சுருள் அகச்சிவப்பின் விளிம்பில்தான் நிற்கிறது என்பதால், எஃப்/11இல் அகச்சிவப்புக்கென லென்சில் இட்டிருக்கும் சிவப்புக் குறிக்கு ஃபோகஸை மாற்ற வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. ஆனால் சுருளை வெயிலில் மாற்றாதீர்கள். நிழலில், முடிந்தால் ஒளி புகாத பைக்குள் வைத்தே மாற்றுங்கள். கழுவும்போது நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் சூட்டில் டி-76 என்னும் டெவலப்பரை அப்படியே கலக்க இயலாது. பனிக்கட்டி போட்ட பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி 20 டிகிரிக்கு இறக்கிய பிறகே ஊற்றுகிறேன்.

படகிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால், ஆர்72ஐ வீட்டில் வைத்துவிட்டு 25 எண் சிவப்பு ஃபில்டரைக் கொண்டு செல்லுங்கள். அது மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காக மட்டுமே ஒளியைக் குறைப்பதால் எஃப்/8இல் 1/125 வரை கிடைக்கும். வியூஃபைண்டரிலும் காட்சி சிவப்பாகத் தெரியும். வானம் நன்றாகக் கறுக்கும், இலைகள் மட்டும் அந்த அளவுக்கு வெளுக்காது.