ரெஃப்ரி ஃபிட்னஸ் டெஸ்ட்: 40 மீட்டரில் ஐந்தாவது ஓட்டத்திலேயே கால் கட்டிக்கொள்கிறது, எப்படிப் பயிற்சி செய்வது?

செந்தில்_உடுமலை:

வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 36. கல்லூரியில் கால்பந்து ஆடினேன், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்ட அளவில் விசில் ஊதுகிறேன். அடுத்த நிலை ரெஃப்ரி தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றிப் பயமில்லை, 17 விதிகளும் மனப்பாடம். ஓட்டம்தான் கவலையாக இருக்கிறது.

எங்களுக்குச் சொல்லியிருக்கும் கணக்கு இது. முதலில் 40 மீட்டர் ஸ்பிரிண்ட் ஆறு முறை, ஒவ்வொன்றும் 6.2 வினாடிக்குள், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. அப்புறம் 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 22 வினாடியில் நடக்க வேண்டும். இதை 40 முறை, அதாவது 400 மீட்டர் டிராக்கில் 10 சுற்று.

நான் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் மேட்டில் வாரத்தில் ஐந்து நாள் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். 28 நிமிடம் ஆகும், பெரிதாக மூச்சு வாங்காது. ஆனால் 40 மீட்டரில் முதல் நான்கு ஓட்டம் 6.1, 6.2 என்று வருகிறது, ஐந்தாவது 6.4, ஆறாவது 6.6. தொடையின் பின்பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது. 75 மீட்டர் ஓட்டத்தில் ஐந்தாறு சுற்றுக்குமேல் முடியவில்லை. தினமும் ஓடும் எனக்கு ஏன் இப்படி ஆகிறது? ஓடும் தூரத்தை 8 கிலோமீட்டராகக் கூட்டலாமா?

பக்கத்தில் சிந்தெடிக் டிராக் கிடையாது, பள்ளிக்கூட மண் கிரவுண்டுதான். டெஸ்டுக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_விசில் (கோவை):

தம்பி, தூரத்தைக் கூட்ட வேண்டாம். உங்கள் கணக்கிலேயே பதில் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

5 கிலோமீட்டர் 28 நிமிடம் என்றால், அதே வேகத்தில் 75 மீட்டர் ஓட 25 வினாடி ஆகும். டெஸ்ட் கேட்பது 15 வினாடி, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். 40 மீட்டரை 6.2 வினாடியில் ஓட மணிக்கு 23 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வாய்க்கால் மேட்டில் உங்கள் கால் பழகியிருப்பது மணிக்கு 11 கிலோமீட்டருக்குக்கூட வராத வேகம். இன்னொன்றையும் கவனியுங்கள். 10 சுற்றையும் முடிக்க 24 நிமிடம் 40 வினாடி ஆகும். நடையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நீங்கள் தினமும் ஓடுவதைவிட மெதுவான வேகம்தான். ஆனாலும் ஐந்தாறு சுற்றில் நின்றுவிடுகிறீர்கள். தெம்பு இல்லாமல் இல்லை. வேகமாக ஓடி, சட்டென்று நடந்து, மறுபடி வேகம் பிடிப்பது என்ற அந்த மாற்றத்துக்குத்தான் உடம்பு பழகவில்லை.

எங்கள் காலத்தில் 12 நிமிட கூப்பர் ஓட்டம் இருந்தது. 1968-ல் கென்னத் கூப்பர் என்ற டாக்டர் அமெரிக்க விமானப்படைக்காக உருவாக்கியது, 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்று பார்ப்பது. ரெஃப்ரிகளிடம் 2,700 மீட்டர் கேட்பார்கள். அதற்கு உங்கள் வாய்க்கால் ஓட்டம் நல்ல அடித்தளம். ஆனால் மேட்ச்சில் யாரும் 12 நிமிடம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு ரெஃப்ரி ஆட்டத்துக்குச் சுமார் 10 கிலோமீட்டர் போகிறார், அதில் பெரும்பகுதி நடையும் மெதுஓட்டமும்தான். கவுன்டர் அட்டாக் வரும்போது மட்டும் உயிரைக் கொடுத்து ஓட வேண்டியிருக்கும். பெனால்டியா இல்லையா என்பதை 40 மீட்டர் பின்னால் நின்று சொன்னால் எந்த வீரர் நம்புவார்? அதனால்தான் டெஸ்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு 150 மீட்டர் ஓட்டம், 50 மீட்டர் நடை என்று இருந்தது, 2016 வாக்கில் 75, 25 ஆனது. ஸ்பிரிண்டுக்கு நடுவில் இருந்த ஒன்றரை நிமிட ஓய்வும் ஒரு நிமிடமாகக் குறைந்தது. இது மேட்ச்சுக்கு இன்னும் நெருக்கமானது, எனக்கு இந்த மாற்றத்தில் முழுச் சம்மதம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். வாரத்தில் மூன்று நாள் கடினப் பயிற்சி போதும், அதில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சும் ஒன்று. மேட்ச்சை ஓய்வு நாளாக எண்ணிக்கொண்டு அதற்குமேல் மூன்று நாள் ஓடி காயப்பட்ட பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு நாள் ஸ்பிரிண்டுக்கு. முதல் மூன்று வாரம் 40 மீட்டரைத் தொடவே வேண்டாம். 20 மீட்டர், 30 மீட்டர் மட்டும், ஆறேழு முறை, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் முழு ஓய்வு. மூச்சு வாங்கவே கூடாது. வேகத்தை வளர்க்கும் நாள் இது, களைப்பில் ஓடினால் மெதுவாக ஓடத்தான் கால் பழகும். இப்போது உங்கள் முதல் ஓட்டமே 6.1. எல்லைக்கும் உங்களுக்கும் இருப்பது 0.1 வினாடிதான். அதனால்தான் ஐந்தாவதில் தாண்டிவிடுகிறீர்கள். முதல் ஓட்டம் 5.8-க்கு வந்துவிட்டால் ஆறாவது கொஞ்சம் இறங்கினாலும் 6.2-க்குள் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் ஆறாவது ஓட்டத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது முதல் ஓட்டத்தைப் பற்றி.

அதிலும் முதல் 10 மீட்டர்தான் உயிர். கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் நின்று கிளம்புவீர்கள். கிளம்பியதும் நிமிர்ந்துவிடாதீர்கள். உடம்பு முன்னால் சாய்ந்தே இருக்கட்டும், கையை வேகமாக வீசுங்கள், கால் தானாக வரும். நான்காவது வாரத்திலிருந்து 40 மீட்டர், ஒரு நிமிட ஓய்வு, முதலில் நான்கு முறை, பிறகு ஆறு, கடைசியில் எட்டுவரை போகலாம். கிரவுண்டில் எட்டு ஓடியவருக்கு டெஸ்டில் ஆறு பயம் தராது.

இன்னொரு நாள் 75, 25. மண் கிரவுண்டே போதும். 50 மீட்டர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், செல்போன் ஜி.பி.எஸ். இவ்வளவு சின்ன தூரத்துக்கு நம்ப முடியாது. நேராக 100 மீட்டர் அளந்து 75-ல் ஒரு கோன், 100-ல் ஒரு கோன். 75 ஓடி, 25 நடந்து, நடை முடியும் இடத்தில் திரும்பி நில்லுங்கள். அங்கிருந்து 75 அளந்து இன்னொரு கோன். ஓட்டத்தில் வளைவே வராது, முட்டிக்கும் நல்லது. 15 வினாடி, 22 வினாடி என்று மாறி மாறி விசில் அடிக்கும்படி செல்போனில் ஒரு ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் வாரம் 16 முறை ஓடுங்கள், வாரத்துக்கு நான்கு நான்காகக் கூட்டினால் ஏழாவது வாரம் 40 வந்துவிடும். 13 வினாடியில் ஓடி முடித்துவிட்டு நிற்பதில் எந்த லாபமும் இல்லை, 14-லிருந்து 15-க்குள் போய்ச் சேருங்கள். விசில் அடிப்பதற்குள் ஒரு காலாவது 25 மீட்டர் நடைப் பகுதிக்குள் வந்துவிட்டால் போதும். முதல் தடவை தவறினால் எச்சரிக்கை, இரண்டாவது தடவை நிறுத்திவிடுவார்கள். நடையில் இடுப்பில் கை வைத்துக் குனியாமல், தோளைத் தளர்த்தி மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள்.

வாய்க்கால் ஓட்டத்தை விட வேண்டாம், இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும்.

தொடைப் பின்பக்கம் இறுகுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் நீட்சிப் பயிற்சி இதற்குப் போதாது, தசைக்குப் பலம் வேண்டும். முட்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்கள், பின்னால் ஒருவர் உங்கள் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல் உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயுங்கள், தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். நார்டிக் பயிற்சி என்பார்கள், காயத்தைத் தடுக்க ஃபிஃபா வகுத்த 11+ வார்ம்-அப்பிலும் இது இருக்கிறது. ஐந்து ஐந்தாக இரண்டு தடவை, வாரத்தில் இரண்டு நாள். முதல் வாரம் தொடை நன்றாக வலிக்கும், அதனால் மேட்ச்சுக்கு முந்திய நாள் வேண்டாம். ஓடும்போது சுருக்கென்று குத்தினால் அந்த நொடியே நிறுத்துங்கள். வெறும் இறுக்கத்தைத் தாண்டி ஓடலாம், குத்தலைத் தாண்டி ஓடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்து பிரஷர், சுகர், இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். 36 வயது, ஷிப்ட் வேலை. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாமக்கல்_பிடி_டீச்சர்:

அண்ணா சொன்னதோடு ஒரு விஷயம். ஸ்டாப்வாட்ச்சை யார் அழுத்துகிறார்கள் என்று பாருங்கள் செந்தில். கையால் எடுக்கும் நேரம் 0.2 வினாடி சுலபமாக முன்னே பின்னே போகும். உங்கள் 6.1 உண்மையில் 6.3 ஆகவும் இருக்கலாம். டெஸ்டில் எலக்ட்ரானிக் கேட் (கோட்டைக் கடக்கும்போது தானாக நேரம் எடுக்கும் கருவி) வைத்தால் அது யாருக்கும் தயவு காட்டாது. ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள், ஒரே இடத்தில் நின்று எடுக்கட்டும்.

நானும் ரெஃப்ரிதான். ஃபிஃபா பேனலில், அதாவது சர்வதேச நடுவர் பட்டியலில், உள்ள பெண்களுக்கு 75 மீட்டர் 17 வினாடி, நடை 20 வினாடி, 40 மீட்டர் 6.4 வினாடி. திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா நடுவராகிய பிறகு எங்கள் பள்ளிப் பிள்ளைகள், நாங்களும் விசில் ஊதலாமா டீச்சர் என்று கேட்கிறார்கள், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். இதைப் படிக்கும் பெண்களுக்கு: தனியாக இருட்டில் ஓட வேண்டாம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பள்ளிக் கிரவுண்டில் சாயங்காலம் ஓடுகிறோம். மாதவிடாய் நாட்களில் முடியவில்லை என்றால் ஸ்பிரிண்ட் நாளை இரண்டு நாள் தள்ளிவையுங்கள், பத்து வாரப் பயிற்சியில் அது ஒரு இழப்பே இல்லை. எப்போதும் களைப்பாக இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். என்னிடம் வந்த இரண்டு பெண்களுக்கு அதுதான் பிரச்சினை, அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு ஓடியும் நேரம் குறையவில்லை.

கொடி_பிடிப்பவன்:

உதவி நடுவராகவும் போகும் எண்ணம் இருந்தால் 10-8-8-10 பழகுங்கள். 10 மீட்டர் நேராக ஸ்பிரிண்ட், 8 மீட்டர் பக்கவாட்டில் இடது, 8 மீட்டர் பக்கவாட்டில் வலது, மறுபடி 10 மீட்டர் நேராக. ஆண்களுக்கு 10 வினாடி. மண்ணில் திரும்பும்போது வழுக்கும், பழைய தேய்ந்த ஷூவோடு இறங்காதீர்கள். கெண்டைக்கால், உள்தொடை இரண்டுக்கும் வார்ம்-அப் கண்டிப்பாக வேண்டும்.

இன்னொன்று, 40 மீட்டரில் ஒரு ஓட்டம் தவறினால் பதறாதீர்கள். ஆறாவது முடிந்ததும் ஏழாவதாக ஒன்று தருவார்கள். இரண்டு தவறினால்தான் தோல்வி. இது தெரியாமல் மூன்றாவதிலேயே தலையைத் தொங்கப்போட்டுவிட்டு மீதியையும் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

செந்தில்_உடுமலை:

எல்லாருக்கும் நன்றி. 75 மீட்டருக்கு 25 வினாடி என்ற கணக்கைப் பார்த்ததும்தான் விஷயமே விளங்கியது. அண்ணா, ஒரு சந்தேகம். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில் காலை 7 மணிக்கு வெளியே வருகிறேன். அப்படியே கிரவுண்டுக்குப் போய்விடலாமா, தூங்கிவிட்டுப் போகலாமா? தேர்வு நாள் சாப்பாட்டையும் சொல்லுங்கள்.

பழைய_விசில் (கோவை):

நைட் முடிந்து நேராக ஸ்பிரிண்ட் ஓடாதீர்கள். இரவு முழுவதும் மில்லில் நின்ற கால், தூக்கம் இல்லாத உடம்பு, தசை கிழிய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. தூங்கி எழுந்து, சாப்பிட்டு, சாயங்காலம் 5 மணிக்குப் போங்கள். அந்த வாரம் ஸ்பிரிண்ட் ஒரு நாள், 75, 25 ஒரு நாள், வாய்க்கால் ஓட்டம் வேண்டாம். பகல் ஷிப்ட் வாரத்தில் முழுத் திட்டத்தையும் செய்யலாம். தேர்வுக்கு முந்திய வாரம் நைட் விழாதபடி இப்போதே மேனேஜரிடம் பேசி, யாருடனாவது ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. என்னிடம் பயிற்சிக்கு வரும் மில் பையன்கள் எல்லாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

கடைசி வாரம் பாதி ஓட்டம் போதும். நான்கு நாளுக்கு முன்னால் 40 மீட்டர் மூன்று முறை நல்ல வேகத்தில் ஓடிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே ஒரு நாள் பஸ் ஏறிக் கோவைக்கு வாருங்கள், சிந்தெடிக் டிராக்கில் ஒருமுறை ஓடிப் பார்க்கலாம். மண்ணைவிடப் பிடிமானம் அதிகம், கெண்டைக்கால் அதை உணரும். தேர்வு நாளன்று முதல்முறையாக உணர வேண்டாம்.

சாப்பாடு சாதாரணமாக இருக்கட்டும். முந்திய இரவு சோறு, ரசம், பொரியல், காரம் கம்மி. காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம். வெறும் வயிற்றில் போக வேண்டாம், புதிதாக எந்தப் பவுடரும் வாங்கிக் குடிக்க வேண்டாம். முந்திய நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள், உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பாட்டிலில் எடுத்துப் போங்கள். 40 மீட்டர் முடிந்து அடுத்த டெஸ்டுக்கு ஆறிலிருந்து எட்டு நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள், இரண்டு வாய் குடித்துவிட்டு மெதுவாக நடந்துகொண்டே இருங்கள்.

இ.சி.ஜி. எடுத்ததும் இங்கே எழுதுங்கள், அப்புறம் முதல் வாரத்தின் நாட்களை உங்கள் ஷிப்டுக்குத் தகுந்தபடி பிரித்துத் தருகிறேன்.